ஐந்தொகை சமப்பட்டால் போதாது: கணக்கீடு, நிதிப் பாடங்களில் மாணவர் கற்றதைக் கணிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து, ரியூட்டரியில் நூறு தரம் இறுதிக் கணக்குச் செய்து பழகி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்துக்குள் வரும் பிள்ளைக்குக் கை வேகம் இருக்கும். பரீட்சை மீதியையும் (எல்லாக் கணக்குகளின் மீதிப் பட்டியல்) எட்டுச் சீராக்கங்களையும் (ஆண்டு முடிவில் செய்யும் திருத்தப் பதிவுகள்) கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் ஐந்தொகையை, அதாவது சொத்துகளையும் பொறுப்புகளையும் மூலதனத்தையும் காட்டும் கூற்றை, சமப்படுத்தி விடும். அதே பிள்ளையிடம் சீராக்கங்களைப் பட்டியலிடாமல், ஒரு கடையின் பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கூற்றையும் கொடுத்து, “இதில் எதைச் சீராக்க வேணும்?” என்று கேட்டால் பேனா நின்றுவிடும். முதலாவது வினாவில் 85 புள்ளி எடுத்ததை நம்பி நான்காம் வருடம் வரை கொண்டுபோனால், உள்ளகப் பயிற்சிக்குப் போன கணக்காய்வு நிறுவனத்தில்தான் குறை வெளியே வரும்.

இந்த வழிகாட்டி விரிவுரையாளருக்கும், வருகைதரு விரிவுரையாளருக்கும், உயர் தேசிய டிப்ளோமா நடத்துவோருக்கும் எழுதப்பட்டது. சொல்ல வருவது இதுதான்: ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கற்றற்பேற்றுக்காக (பாடம் முடிந்தபின் மாணவர் செய்யக்கூடியதாக இருக்க வேண்டியது) கொடுக்கப்பட்டது என்று கைகாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பிழையான விடையும் எந்த இடத்தில் விளக்கம் உடைந்தது என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வினாத்தாள் மாணவரை வரிசைப்படுத்தும். கற்றதை அளக்காது.

முதற்படி: கற்றற்பேற்றை அளக்கக்கூடிய வினைச்சொல்லில் எழுதுதல்

“இருப்பு மதிப்பீட்டை விளங்கிக்கொள்வார்” என்ற பேற்றை அளக்க வழியில்லை. “கிரயம், தேறிய தேறத்தக்க பெறுமதி இரண்டையும் உருப்படிவாரியாக ஒப்பிட்டு, ஐந்தொகையில் காட்டவேண்டிய தொகையைத் தீர்மானித்து, காரணம் எழுதுவார்” என்று எழுதினால் (தேறிய தேறத்தக்க பெறுமதி என்பது விற்கும் விலையிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்த தொகை), வினா எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த வசனத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு பாடத்துக்கு நான்கு அல்லது ஐந்து பேறுகள் போதும். பத்துப் பன்னிரண்டு எழுதினால் பாதி ஒருபோதும் கணிப்பிடப்படாமல் கோப்பிலேயே கிடக்கும்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் கற்பித்தல் பாடமொன்றின் ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) 50 கற்றல் மணித்தியாலம். மூன்று திறமைப்புள்ளிப் பாடம் என்றால் 150 மணித்தியாலம். விரிவுரை, வாசிப்பு, பயிற்சி, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒப்படை கொடுக்கும்போது இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடுவதால்தான் ஒரே கிழமையில் ஐந்து பாடங்களின் ஒப்படைகள் வந்து விழுகின்றன, மாணவர் ஒருவர் செய்ததை மற்றவர் பிரதி எடுக்கிறார். ஒரு பாடத்தின் தொடர் கணிப்பீடுகள் எல்லாம் சேர்ந்து 30 மணித்தியாலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நியாயமான எல்லை.

இரண்டாம் படி: வினாத்தாளுக்கு முன் வரைபடம்

வினா எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கற்றற்பேறுகள், மேலே மூன்று நிரல்கள்: நடைமுறை (பதிவு, கணிப்பு), பிரயோகம் (புதிய நிலைமைக்கு நியமத்தை, அதாவது கணக்கீட்டு விதியை, பொருத்துதல்), தீர்ப்பு (தெரிவு செய்து காரணம் சொல்லல்). ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளியை எழுதுங்கள். முதலாம் வருட நிதிக் கணக்கீட்டுக்கு 50, 35, 15 என்ற பங்கீடு பொருந்தும். நான்காம் வருட உயர்நிலை நிதி அறிக்கையிடலுக்கு அதே பங்கீட்டைப் போட்டால் தவறு. அங்கே தீர்ப்புக்குக் குறைந்தது 40 வேண்டும்.

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து இந்தக் கட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள். “விமர்சன ரீதியாக ஆராய்க” என்று தொடங்கும் வினாவின் புள்ளித் திட்டத்தில் ஐந்து வரைவிலக்கணங்களுக்கு ஐந்து புள்ளி இருந்தால், அது நினைவாற்றல் வினாதான். வினாவின் மட்டத்தைத் தீர்மானிப்பது புள்ளித் திட்டம். வினைச்சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நேரத்தையும் இப்போதே பாருங்கள். மூன்று மணித்தியாலம், 100 புள்ளி என்றால் புள்ளிக்கு 1.8 நிமிடம். 20 புள்ளி வினாவுக்கு 36 நிமிடம். வினா எழுதியவரே விடையைக் கையால் முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். அவருக்கே 18 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வினா நீளம். நீண்ட வினாத்தாள் எழுத்து வேகத்தைத்தான் அளக்கும்.

மூன்றாம் படி: பிழையான விடையும் பேசும்படி வினா அமைத்தல்

கணக்கீட்டுப் பாடத்தில் இதுதான் மிகப் பெரிய வசதி. இலக்கங்களைத் திட்டமிட்டுத் தெரிவுசெய்தால், மாணவர் எழுதும் தொகையைப் பார்த்தவுடனேயே அவர் எங்கே வழிமாறினார் என்று தெரியும். ஒரு வினாவைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

பனங்கட்டி மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனமொன்றிடம் நிதியாண்டு முடிவில் 600 பெட்டிகள் இருக்கின்றன. ஒரு பெட்டியின் கிரயம் 450 ரூபாய். சந்தை விலை 480 ரூபாய். விற்பதற்குப் பெட்டிக்கு 60 ரூபாய் பொதிக்கும் ஏற்றுக்கூலிக்கும் செலவாகும். இதில் 200 பெட்டிகளைக் கொழும்புக் கொள்வனவாளர் ஒருவருக்கு 540 ரூபாய்க்கு விற்க உறுதியான ஒப்பந்தம் இருக்கிறது. விற்பனைச் செலவு அதற்கும் 60 ரூபாய்தான். இருப்பின் பெறுமதி என்ன?

இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இன்படி, ஒப்பந்தத்துக்கு உட்பட்ட இருப்புக்கு ஒப்பந்த விலையையும் மீதிக்குப் பொது விலையையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். 200 பெட்டிகளின் தேறிய தேறத்தக்க பெறுமதி 480, கிரயம் 450. ஆகவே கிரயத்தில் 90,000. மீதி 400 பெட்டிகளுக்கு 420 தான் தேறும். ஆகவே 168,000. மொத்தம் 258,000 ரூபாய், பெறுமதிக் குறைப்பு 12,000.

இனி விடைத்தாள்களில் வரும் பிழைகள்:

270,000 என்று எழுதியவர் 480 ஐ 450 உடன் ஒப்பிட்டு, விற்பனைச் செலவைக் கழிக்க மறந்தவர்.
252,000 என்றால் விற்பனைச் செலவு தெரியும், ஒப்பந்தத்தைக் கவனிக்கவில்லை.
264,000 என்றால் எல்லாம் தெரியும். ஆனால் மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டு, ஒப்பந்த இருப்பின் இலாபத்தை மற்றதன் நட்டத்துக்கு ஈடாக்கி விட்டார்.

நான்கு விடை, நான்கு வெவ்வேறு மாணவர். வகுப்பில் 264,000 எழுதியவர்கள் அதிகமாக இருந்தால், திரும்பப் படிப்பிக்க வேண்டியது “உருப்படிவாரியாக” என்ற ஒரே விடயம். முழுப் பாடத்தையும் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டத் தேவையில்லை. அடுத்த வருடம் இலக்கங்களை மாற்றும்போது இரண்டு பிழைகள் ஒரே தொகையில் வந்து முடியாதபடி சரிபார்க்க வேண்டும். உதாரணமாக, ஒப்பந்த விலையை 510 ஆக்கினால் 200 பெட்டிகளுக்கும் கிரயமும் தேறும் பெறுமதியும் 450 ஆகவே நிற்கும். அப்போது உருப்படிவாரி ஒப்பீடும் மொத்த ஒப்பீடும் ஒரே விடையைத் தரும், மூன்றாவது பிழை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நிதி முகாமைத்துவத்திலும் இது முடியும். குருநகர்ப் பக்கம் ஐஸ் ஆலை ஒன்றுக்கு 5,000,000 ரூபாய் முதலீடு, ஐந்து வருடத்துக்கு வருடாந்தம் 1,600,000 காசு உட்பாய்ச்சல், கழிவு வீதம் 14 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேறிய இற்றைப் பெறுமதி (எதிர்கால உட்பாய்ச்சல்களைக் கழிவு வீதத்தால் இன்றைய பெறுமதிக்குக் குறைத்து, முதலீட்டைக் கழித்த தொகை) ஏறத்தாழ 493,000. எக்செலில் தேறிய இற்றைப் பெறுமதிச் சார்பு தனக்குள் கொடுத்த முதலாவது தொகையை முதலாம் வருட முடிவுக்குரியதாகவே எடுக்கும். ஆரம்ப முதலீட்டையும் அந்த வீச்சுக்குள் சேர்த்த மாணவருக்கு ஏறத்தாழ 432,400 வரும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது, கருவியை நம்பி எழுதிவிடுவார். காசாக வெளியே போகாத பெறுமானத் தேய்வைக் காசுப்பாய்ச்சலிலிருந்து கழித்தவருக்கு விடை மறைப்பெறுமதியாகிவிடும் (பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்).

அதன் பிறகுதான் உண்மையான வினா: “மீன்பிடி தடைப்படும் மாதங்களால் உட்பாய்ச்சல் 10 சதவீதம் குறைந்தால் உங்கள் பரிந்துரை மாறுமா?” 9 சதவீதக் குறைவிலேயே திட்டம் கிட்டத்தட்ட எல்லைக்கு வந்துவிடும். 10 சதவீதத்தில் ஏறத்தாழ 56,000 ரூபாய் மறைப்பெறுமதி. இந்தத் திட்டம் இவ்வளவு நூலிழையில் நிற்கிறது என்று எழுதும் மாணவர்தான் நிதி படித்தவர்.

நான்காம் படி: பழைய வினாத்தாளின் பிடியிலிருந்து விடுபடுதல்

பரமேஸ்வராச் சந்திப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளில் கடந்தகால வினாத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பயிற்சிக்கு நல்லது. ஆனால் வரியும் நியமமும் மாறிக்கொண்டே இருக்கும் பாடத்தில் அவை ஆபத்தும் கூட. பெறுமதிசேர் வரி 2019 டிசம்பரில் 8 சதவீதமானது, 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. குத்தகையில், குத்தகை பெறுபவர் தொழிற்பாட்டுக் குத்தகை என்று வகைப்படுத்தி ஐந்தொகைக்கு வெளியே வைக்கும் முறை, 2019 ஜனவரியில் நிதி அறிக்கையிடல் நியமம் 16 நடைமுறைக்கு வந்ததோடு போய்விட்டது. குறுங்காலக் குத்தகைக்கும் குறைந்த பெறுமதிச் சொத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. 2017 வினாத்தாளின் விடையை மனனம் செய்தவர் இன்று பிழையாக எழுதுவார்.

ஆகவே ஒவ்வொரு வினாத்தாளிலும் அறிக்கையிடல் திகதியையும் வரி வீதத்தையும் வினாவுக்குள்ளேயே கொடுங்கள். வீதத்தை நினைவில் வைத்திருப்பது கற்றற்பேறு அல்ல. இதற்கு மேலே ஒருபடி போக விரும்பினால், பழைய வினாத்தாளின் விடையையே கொடுத்து, “இன்றைய நியமப்படி இதில் எவை மாற வேண்டும், ஏன்?” என்று கேளுங்கள். மனனத்தால் அதைக் கடக்க முடியாது.

ஐந்தாம் படி: மொழியையும் கணக்கீட்டையும் பிரித்துப் பார்த்தல்

இது எங்கள் இடத்தில் தவிர்க்க முடியாத விடயம். உயர்தரம் வரை “ஐயக்கடன் ஏற்பாடு”, “தொங்கல் கணக்கு” என்று தமிழில் படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறது. முதலாம் வருடத்தில் குறைந்த புள்ளி வந்தால் கணக்கீடு தெரியாததாலா, வினா விளங்காததாலா என்று சாதாரண வினாத்தாளில் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலாம் தவணை இரண்டாம் கிழமையில் 20 நிமிடச் சிறு கணிப்பீடு ஒன்றை நடத்துங்கள். ஒரே மட்டத்திலான ஆறு வினாக்கள்: இரண்டு வெறும் இலக்கமும் கணக்குப் பெயரும், இரண்டு தமிழ் வசனத்தில், இரண்டு ஆங்கில வசனத்தில். முதல் நான்கும் சரி, கடைசி இரண்டும் பிழை என்றால் அந்த மாணவருக்கு வேண்டியது கலைச்சொற் பட்டியலும் வாசிப்புப் பயிற்சியும். ஆறும் பிழை என்றால் வேண்டியது கணக்கீடு. இருவரையும் ஒரே மீட்டல் வகுப்பில் இருத்துவது இரண்டு பேருக்கும் அநியாயம்.

இறுதிப் பரீட்சையில், வசன நடை கற்றற்பேறாக இருந்தால் அதற்குப் புள்ளியைத் தனியே ஒதுக்கி முன்கூட்டியே அறிவியுங்கள். இல்லையென்றால் இலக்கணப் பிழைக்குப் புள்ளி வெட்ட வேண்டாம். விளக்கம் கேட்கும் பகுதிகளுக்கு 80 சொல், 120 சொல் என்று எல்லை வைப்பதும் உதவும். மொழி வளம் உள்ளவர் பக்கத்தை நிரப்பிப் புள்ளி சேர்ப்பதை அது குறைக்கும்.

ஆறாம் படி: புள்ளித் திட்டமும் திருத்தும் ஒழுங்கும்

பனங்கட்டி வினாவுக்கு 10 புள்ளி என்றால் இப்படிப் பிரிக்கலாம்: விற்பனைச் செலவு கழித்துத் தேறிய தேறத்தக்க பெறுமதி கண்டதற்கு 2, ஒப்பந்த இருப்பைப் பிரித்ததற்கு 2, உருப்படிவாரி ஒப்பீட்டுக்கு 2, நாளேட்டுப் பதிவுக்கு 2, காரணத்துக்கு 2. இறுதித் தொகைக்கென்று தனிப் புள்ளி இல்லை என்பதைக் கவனியுங்கள். படிகள் சரியானால் தொகை தானே வரும்.

தொடர்பிழை விதியை எழுத்தில் வையுங்கள். ஒரு பிழைக்கு ஒரு தரம் மட்டுமே வெட்ட வேண்டும். 264,000 எழுதியவர் 6,000 ஐப் பெறுமதிக் குறைப்பாக நாளேட்டில் வரவு, செலவு சரியாகப் பதிந்திருந்தால் பதிவுக்குரிய 2 புள்ளியும் அவருக்கு உரியது. ஐந்தொகை சமப்பட்டதற்கென்று புள்ளி கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளிக்காக மாணவர் தொங்கல் கணக்கொன்றை (வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் கணக்கு) திணித்துச் சமப்படுத்துவார். முற்றாகப் பதியாமல் விட்ட கொடுக்கல்வாங்கல், தத்துவப் பிழை (பிழையான வகைக் கணக்கில் பதிதல்), ஈடுசெய் பிழை (ஒன்றையொன்று சமன்செய்யும் பிழைகள்) எல்லாம் இருந்தாலும் பரீட்சை மீதி சமப்படும் என்று படிப்பித்துவிட்டு, சமப்பட்டதைச் சரிக்குச் சான்றாக எடுப்பது முரண்.

விளக்க வினாக்களுக்கு ரூப்ரிக் (மட்டவாரியான புள்ளி அளவுகோல்) தேவை. நான்கு மட்டத்தில் எழுதினால் போதும். பூச்சியம்: காரணம் இல்லை, அல்லது நியமத்துக்கு முரண். ஒன்று: நியமத்தின் வசனத்தைத் திருப்பி எழுதியிருக்கிறார். இரண்டு: நியமத்தை இந்த நிறுவனத்தின் தரவோடு இணைத்திருக்கிறார். மூன்று: மாற்று வழியையும் எடுத்துப் பார்த்து, அதை ஏன் தெரிவுசெய்யவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் திருத்துவோருக்குள் சண்டை வரும். ஆகவே அந்த எல்லைக்கு உண்மையான விடைத்தாளிலிருந்து இரண்டு மாதிரிகளைப் பெயரும் சுட்டெண்ணும் நீக்கி ஒட்டி வையுங்கள்.

திருத்தும்போது விடைத்தாள் விடைத்தாளாக இல்லாமல் வினா வினாவாகத் திருத்துங்கள். முதல் வினாவில் அழகாக எழுதியவருக்கு நான்காம் வினாவில் தாராளம் காட்டும் மனம் எல்லாருக்கும் உண்டு. முதலாம், இரண்டாம் பரீட்சகர்கள் பத்து விடைத்தாள்களை ஒருவர் புள்ளி மற்றவருக்குத் தெரியாமல் திருத்தி ஒப்பிட்டபின் மிகுதியைத் தொடங்க வேண்டும். முதலாமவரின் சிவப்பு மை தெரியத் திருத்தும் இரண்டாம் திருத்தம் பெரும்பாலும் அதே புள்ளியில்தான் முடியும்.

ஏழாம் படி: ஒப்படை, குழுவேலை, எக்செல்

வீட்டுக்குக் கொடுக்கும் ஒப்படையில் எழுத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போடும் காலம் முடிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலி விகித ஆய்வை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தந்துவிடும். ஒப்படைக்கு 10, அதே ஒப்படை மீதான ஐந்து நிமிட வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சை) 10 என்று பிரியுங்கள். வைவாவில் வரைவிலக்கணம் கேட்க வேண்டாம். மாணவரின் எக்செல் கோப்பைத் திறந்து, “தம்பி, இந்த 14 சதவீதத்தை 18 ஆக்குங்கோ, விடை ஏன் இவ்வளவு இறங்குது?” என்று கேட்டால் போதும். 18 சதவீதத்தில் ஐஸ் ஆலையின் தேறிய இற்றைப் பெறுமதி சில ஆயிரம் ரூபாய்க்கு வந்துவிடும். ஆகவே உள்ளக விளைவு வீதமும் (தேறிய இற்றைப் பெறுமதி பூச்சியமாகும் வீதம்) அவ்விடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் தானே செய்தவர். கோப்பில் எந்தக் கலத்தை மாற்றுவது என்று தேடுபவர் செய்யவில்லை.

பிரதி எடுப்பதைத் தடுக்க எளிய வழி, பதிவிலக்கத்தின் கடைசி மூன்று இலக்கங்களைத் தரவுக்குள் நுழைப்பது. “விற்பனை = 4,000,000 + (கடைசி மூன்று இலக்கம் × 1,000)” என்று கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் விடை வேறு. திருத்துவோரின் கோப்பில் ஒரே சூத்திரம் எல்லாருக்கும் விடை சொல்லும்.

குழுவேலையில் நால்வருக்கும் ஒரே புள்ளி போட்டால் அது குழுவின் கெட்டிக்காரர் ஒருவரின் புள்ளி. 60 சதவீதம் குழு அறிக்கைக்கும் 40 சதவீதம் தனி வைவாவுக்கும் வையுங்கள். யார் எந்தப் பகுதிக்குப் பதில் சொல்வது என்பதை வைவா அறையில்தான் தீர்மானிக்க வேண்டும். முன்பே சொன்னால் ஒவ்வொருவரும் தன் பக்கத்தை மட்டும் பாடமாக்கிக்கொண்டு வருவார்.

சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைக் கடைகளில் தரவு எடுக்க மாணவரை அனுப்புவது நல்ல கணிப்பீடு. ஆனால் எழுத்துமூல அனுமதி, கடையின் பெயரை மறைத்தல், கடன்பட்டோர் பெயர்களை எடுக்காமை என்ற மூன்றும் ரூப்ரிக்கில் கட்டாய நிபந்தனையாக இருக்க வேண்டும். சிறிய ஊரில் யார் யாருக்குக் கடன் என்பது வெளியே வந்தால் பாதிப்பு பெரிது. தொழில்சார் ஒழுக்கத்தைத் தனிப் பாடமாக மட்டும் கணிப்பிடாமல் இந்த இடத்தில் நேரடியாகப் பார்க்க முடியும்.

எட்டாம் படி: பெறுபேற்றை வாசித்தல்

சராசரி 61 என்று பீடச் சபையில் சொல்வதால் எதுவும் தெரியவராது. வினாவாரியாகப் பாருங்கள். 100 பேர் எழுதினால் மொத்தப் புள்ளியில் மேல் 27 பேரையும் கீழ் 27 பேரையும் எடுங்கள். குறித்த பகுதியை மேலே 22 பேரும் கீழே 9 பேரும் சரியாகச் செய்திருந்தால், இலகுச்சுட்டி (சரியாகச் செய்தோரின் பங்கு) 31 ஐ 54 ஆல் பிரிக்க 0.57. பிரித்தறிசுட்டி (கெட்டிக்காரரையும் மற்றவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு) 22 இலிருந்து 9 ஐக் கழித்து 27 ஆல் பிரிக்க 0.48. நல்ல வினா. 0.3 க்கு மேலிருந்தால் வைத்துக்கொள்ளலாம், 0.2 க்குக் கீழே என்றால் திரும்பப் பார்க்க வேண்டும். மேலே 14, கீழே 15 என்று வந்தால், கெட்டிக்காரர் வினாவை வேறுவிதமாக வாசித்திருக்கிறார்கள். அநேகமாக வினாவின் வசனத்தில் இரட்டைப் பொருள் இருக்கும், அல்லது புள்ளித் திட்டத்தின் விடையே பிழை. பெறுபேறு வெளியாகுமுன் இதைச் செய்தால்தான் திருத்த வழியுண்டு.

பட்டப்படிப்பு மட்டத்தில் எல்லாப் பேறுகளையும் ஒவ்வொரு வருடமும் அளக்க முயல வேண்டாம். மூன்றைத் தெரிவுசெய்து, இறுதி வருடப் பாடங்களின் பரீட்சைக்குள்ளேயே அவற்றுக்குரிய வினாக்களைப் பொதியுங்கள். “70 சதவீத மாணவர் ரூப்ரிக்கின் இரண்டாம் மட்டத்தையோ மேலையோ எட்ட வேண்டும்” என்று முன்கூட்டியே இலக்கு வையுங்கள். மாணவர் திருப்திப் படிவமும் உள்ளகப் பயிற்சி மேற்பார்வையாளரின் கடிதமும் துணைச் சான்றுகள்தான். நேரடிச் சான்று விடைத்தாள். தர மீளாய்வுக் குழு வரும்போது ஒரு பேற்றுக்கு மூன்று விடைத்தாள்களை, உயர்ந்தது, நடுத்தரம், சித்தியடையாதது என்று, புள்ளித் திட்டத்தோடு சேர்த்துக் காட்டினால் தடித்த கோப்புகள் தேவையில்லை.

இலக்கை எட்டாவிட்டால் எங்கே மாற்றுவது என்பதைப் பிழையின் வகை சொல்லும். நடைமுறை நிரலில் விழுந்தால் ரியூற்றோரியல் நேரம் கூட வேண்டும். தீர்ப்பு நிரலில் விழுந்தால் விரிவுரையில் தீர்த்த கணக்குகளைக் கரும்பலகையில் காட்டுவதைக் குறைத்து, தீராத நிலைமைகளைக் கொடுத்து விவாதிக்கவிட வேண்டும். மாற்றத்தை யார், எந்தத் தவணையில், எந்த வினாவால் மறுபடி அளப்பார் என்று துறைக் கூட்ட அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கட்டும்.

மீளத்தோற்றும் மாணவருக்கும் இதே பதிவைக் கொடுங்கள். “38 புள்ளி, சித்தியில்லை” என்ற தாளோடு வீட்டுக்குப் போகும் பிள்ளை மறுபடியும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கி, ஏற்கனவே தெரிந்ததையே படித்து, தெரியாததற்கு வருமுன் பரீட்சை வந்துவிடும். பேறுவாரியாகப் புள்ளியைப் பிரித்து, இருப்பு சரி, குத்தகை சரி, காசுப்பாய்ச்சல் கூற்றில் மட்டும் 20 க்கு 3 என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், அவருக்கு ஒரு மாத வேலை எது என்று தெரியும். அந்த அரைப் பக்கத்தை எழுத விரிவுரையாளருக்குப் பத்து நிமிடம் போதும்.